மண்டபத்துப் புரொஜெக்டருக்கு இன்புட் மாட்யூலும் ரிமோட் கன்ட்ரோல் இணைப்பும்: பெங்களூர் அரங்குகளுக்கான செய்முறை

பெரிய மண்டபங்களில் மாட்டும் புரொஜெக்டர்களின் பின்பக்கத்தைப் பார்த்தால் இரண்டு கூட்டம் துளைகள் தெரியும். ஒரு கூட்டம் படம் உள்ளே வரும் வழி: எச்டிஎம்ஐ, எஸ்டிஐ (கேமரா, வீடியோ மிக்சரிலிருந்து கோ-ஆக்சியல் கேபிளில் வருவது), எச்டி-பேஸ்-டி (கேட் 6 கேபிளில் வருவது) போன்றவை. இன்னொரு கூட்டம் கட்டளை வரும் வழி: லேன், ஆர்எஸ்-232 (பழைய சீரியல் போர்ட்), ஒயர்டு ரிமோட், கான்டாக்ட் கன்ட்ரோல். அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ பொங்கல் விழாவன்று "புரொஜெக்டர் வேலை செய்யவில்லை" என்று போன் வந்தால், பாதி நேரம் இந்த இரண்டில் எது கோளாறு என்பதே யாருக்கும் தெரிவதில்லை. படம் வராததற்கு ரிமோட் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். லேன் கட்டளை போகாததற்கு எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்கள். அதனால் முதல் விதி: படத்தின் வழியையும் கட்டளையின் வழியையும் தனித்தனியாகப் போடுங்கள், தனித்தனியாகச் சோதியுங்கள். அதுவும் புரொஜெக்டர் தரையிலோ மேசையிலோ இருக்கும்போதே, இரண்டு மீட்டர் கேபிளை வைத்து. பதினைந்தடி உயரத்தில் ஏணிமேல் நின்றுகொண்டு, கோளாறு மாட்யூலிலா கேபிளிலா என்று யோசிப்பதுபோல் நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை.

மாட்யூலை வாங்குவதற்கு முன்

இன்புட் மாட்யூல் என்பது புரொஜெக்டரின் ஸ்லாட்டில் செருகி, படம் வரக் கூடுதல் வழி தரும் கார்டு; போர்டு என்பதும் இதைத்தான். ஒரு கம்பெனியின் மாட்யூல் இன்னொரு கம்பெனியின் ஸ்லாட்டில் பொதுவாக வேலை செய்யாது. அளவு ஒத்துப்போனாலும் உள்ளே உள்ள கனெக்டர் வேறு. பானசோனிக்கின் பெரிய மாடல்களில் எஸ்எல்ஓடி என்எக்ஸ் என்ற அவர்களுடைய சொந்த ஸ்லாட் உண்டு. கிறிஸ்டி, பார்கோ போன்றவர்களுக்கும் அவரவர் கார்டுதான். இதற்கு விலக்கு, இன்டெல் வகுத்த எஸ்டிஎம் என்ற பொது அமைப்பு. புதிய பானசோனிக் மாடல்கள் சிலவற்றில் இந்த ஸ்லாட் வருகிறது. அதிலும் எஸ், எல் என்று இரண்டு அளவு இருக்கிறது. எஸ்டிஎம் என்று எழுதியிருப்பதாலேயே எந்த போர்டும் பொருந்திவிடாது. உங்கள் புரொஜெக்டரின் மேனுவலில் உள்ள ஏற்புடைய போர்டுகளின் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் மாட்யூல் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மாட்யூல் வெளிவந்த காலத்துக்கு முந்தைய ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) புரொஜெக்டரில் இருந்தால், கார்டு சரியாக உட்கார்ந்தாலும் மெனுவில் தெரியாது. முதலில் மெனுவின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்டேட் தேவையென்றால் அதை முடித்த பிறகே கார்டைக் கையில் எடுங்கள்.

எந்த வகை மாட்யூல் வேண்டும் என்பதைத் தூரம் தீர்மானிக்கும். மேடை ஓரத்து மேசையிலிருந்து புரொஜெக்டர் வரை கேபிள் போகும் வழியை அளக்க வேண்டும். நேர்கோட்டுத் தூரத்தை நம்பக்கூடாது. மண்டபத்தின் நீளம் 20 மீட்டர் என்றால், சுவரில் ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுற்றி, மறுபடி இறங்கும்போது கேபிள் 35 மீட்டரைத் தொட்டுவிடும்.

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குக் கேமரா போட்டு நேரலையாகத் திரையில் காட்டுகிற அரங்கு என்றால் எஸ்டிஐ மாட்யூல் எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் பவர்பாயின்ட்டும் குறும்படமும்தான் என்றால் எச்டி-பேஸ்-டி போதும். இரண்டும் நடக்கிற இடத்தில் இரண்டையும் போடுவதே நல்லது. கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றை இடையில் தொங்கவிட்டால் அதற்கென ஒரு அடாப்டர், அதற்கென ஒரு பிளக் பாயின்ட், கழன்று விழ இன்னும் ஓர் இடம் என்று பெருகும்.

மாட்யூலைப் பொருத்துதல்

புரொஜெக்டரை அணைத்து, கூலிங் முடிந்து ஃபேன் நின்ற பிறகு பவர் கார்டையே சுவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும் புரொஜெக்டரின் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடும்போதே கார்டு மாற்றலாம் என்று மேனுவல் சொல்லாத வரை அப்படிச் செய்யாதீர்கள். சொன்னாலும் அவசரமில்லாவிட்டால் அணைத்துச் செய்யுங்கள்.

கையில் ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டி, அதன் கிளிப்பைப் புரொஜெக்டரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெங்களூர்க் காற்று காய்ந்திருக்கும். கார்ப்பெட் விரித்த அரங்கில் நாலு அடி நடந்தாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். விரலில் சுரீரென்று உணராத அளவு மின்சாரமே சிப்பைக் கெடுக்கப் போதும். கெட்ட சிப் அன்றே சாகாமல் சில வாரம் ஓடிவிட்டுச் சாவதும் உண்டு. அதுதான் கண்டுபிடிக்கவே முடியாத கோளாறு.

ஸ்லாட்டை மூடியிருக்கும் தகட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் மாட்யூலை எடுக்க நேர்ந்தால் திறந்த ஸ்லாட்டை மூட அது வேண்டும். மூடாவிட்டால் உள்ளே காற்று போகும் பாதை மாறி, சூட்டு எச்சரிக்கை வரும், தூசியும் ஏறும். மாட்யூலை அதன் முன்தகட்டைப் பிடித்து எடுங்கள். பொன்னிறக் காண்டாக்ட்களிலும் போர்டின் மேலும் விரல் படக்கூடாது.

ஸ்லாட்டின் இரு பக்கமும் உள்ள தண்டவாளத்தில் போர்டின் விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நேராகத் தள்ளுங்கள். கடைசி ஐந்து மில்லிமீட்டரில் கனெக்டர் பிடிக்கும்போது கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். முன்தகடு சேசிஸோடு சமமாக ஒட்டிய பிறகுதான் திருகு போட வேண்டும். திருகை முறுக்கி போர்டை உள்ளே இழுக்க முயன்றால் கனெக்டர் கோணலாகி முள் வளையும். முன்தகடு இடைவெளி விட்டு நின்றால், வெளியே இழுத்து மறுபடி தண்டவாளத்தில் வைத்துத் தள்ளுங்கள்.

பவர் கொடுத்ததும் மெனுவில் அந்த ஸ்லாட்டின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒருமுறை எடுத்துப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால், இரண்டு ஸ்லாட் உள்ள மாடலில் மற்ற ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்லாட்டில். அங்கேயும் தெரியாவிட்டால் ஃபர்ம்வேரோ கார்டோதான்.

கேபிள்: காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

சாதாரண செம்பு எச்டிஎம்ஐ கேபிள் 1080பி படத்துக்கு 10 மீட்டர் வரை பெரும்பாலும் தாங்கும். 4கே 60 பிரேம் என்றால் 5 மீட்டரைத் தாண்டினாலே சந்தேகம்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 20 மீட்டர் செம்பு கேபிளை "4கே சப்போர்ட்" என்று ஒட்டி விற்பார்கள், நம்பி வாங்காதீர்கள்.

நீளமான எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் ஆப்டிகல் இழை உள்ள ஆக்டிவ் கேபிள் எடுக்கலாம். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும். லேப்டாப் பக்கம் சோர்ஸ், புரொஜெக்டர் பக்கம் டிஸ்ப்ளே. பைப்புக்குள் மாற்றி இழுத்துவிட்டால் மொத்தத்தையும் உருவி மறுபடி இழுக்க வேண்டியதுதான். இழுக்கும் முன் இரண்டு முனையிலும் பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். கனெக்டரைப் பிடித்து இழுக்காமல் கேபிளின் உடம்பைக் கயிற்றில் கட்டி இழுங்கள். கூர்மையாக மடக்கினால் உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும், அதை ஒட்டவைக்க வழியில்லை. எச்டிஎம்ஐ கனெக்டருக்குப் பூட்டு கிடையாது என்பதால், புரொஜெக்டர் பக்கம் கேபிளின் எடை கனெக்டரில் தொங்காதபடி மவுன்ட்டின் கம்பியில் வெல்க்ரோவால் கட்டுங்கள்.

எச்டி-பேஸ்-டி என்பது கேட் 6 கேபிளிலேயே படம், ஒலி, 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட், ஆர்எஸ்-232, இன்ஃப்ராரெட் எல்லாவற்றையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகும் முறை. பானசோனிக் இதையே டிஜிட்டல் லிங்க் என்ற பெயரில் தருகிறது. மேடைப் பக்கம் ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டி, புரொஜெக்டர் பக்கம் மாட்யூலிலேயே ரிசீவர். மலிவான டிரான்ஸ்மிட்டர்கள் சில 4கே படத்தை 35 அல்லது 40 மீட்டர் வரைதான் கொண்டுபோகும், 1080பி என்றால் 70 மீட்டர். பெட்டியின் மேல் 70 என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தப் படத்துக்கான தூரம் என்று கேளுங்கள்.

ஆர்ஜே-45 கனெக்டர் இருப்பதால் இது நெட்வொர்க் கேபிள் என்று நினைத்து, மண்டபத்து ஆபீஸ் ஸ்விட்ச்சில் செருகிவிடுகிறவர்கள் நிறைய. எச்டி-பேஸ்-டி சிக்னல் ஈதர்நெட் அல்ல. ஸ்விட்ச், ரவுட்டர் எதன் வழியாகவும் போகாது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து மாட்யூலுக்கு ஒரே கேபிள், நடுவில் எதுவும் இல்லாமல் போக வேண்டும். சுவரில் ஒரு சாக்கெட், ரேக்கில் ஒரு பேட்ச் பேனல் என்று ஒவ்வொரு ஒட்டும் தூரத்தைக் குறைக்கும். இரண்டு முனையும் டி568பி என்ற நிறக் கம்பி வரிசையில், நேர் இணைப்பாகக் கிரிம்ப் செய்யுங்கள். ஜோடிகளின் முறுக்கைக் கனெக்டர் வாய்வரை கலைக்காதீர்கள். மிச்சக் கேபிளை இறுக்கமாகச் சுருட்டிப் புரொஜெக்டர் மேல் வைப்பதும் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றின் சிக்னலை மற்றொன்றில் கலந்துவிடும். படத்தில் பொறிப்பொறியாகப் புள்ளிகள் வரும்.

கேபிள் ஷீல்டு உள்ளதாக, ஒற்றைக் கம்பியாக, முழுச் செம்பாக இருக்க வேண்டும். சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் தாராளமாகக் கிடைக்கிறது. வெளியே அதுவும் கேட் 6 என்றே அச்சாகியிருக்கும். கண்டுபிடிக்க இரண்டு வழி. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அல்லது அளந்துபாருங்கள்: வெட்டிய 40 மீட்டர் துண்டின் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 23 கேஜ் முழுச் செம்பு என்றால் ஐந்தரை ஓம் அளவில் காட்டும். எட்டைத் தாண்டினால் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியக் கேபிளில் சில நாள் படம் வரும். சீலிங்குக்குள் சூடு ஏறும் மதியத்தில், அதுவும் டிரான்ஸ்மிட்டர் அதே கேபிளில் பவரும் அனுப்பும்போது, விட்டுவிட்டு அணையும்.

எஸ்டிஐ இதைவிடச் சாதுவானது. ஒரு 75 ஓம் கோ-ஆக்சியல் கேபிள், இரண்டு முனையிலும் 75 ஓம் பிஎன்சி கனெக்டர், திருகிப் பூட்டினால் கழலாது. நல்ல ஆர்ஜி-6 கேபிளில் 1.485 ஜிபிபிஎஸ் எச்டி-எஸ்டிஐ 100 மீட்டர் அளவுக்குப் போகும், 2.97 ஜிபிபிஎஸ் 3ஜி-எஸ்டிஐக்கு அதைவிடக் குறைவு. 50 ஓம் பிஎன்சியும் பார்க்க அதேபோல இருக்கும், பொருந்தவும் செய்யும், ஆனால் சிக்னல் கனெக்டரிலேயே பட்டுத் திரும்பும். டிஷ் டிவி கேபிள் போடுகிறவரிடம் கிரிம்ப் செய்யக் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். 3ஜியில் லெவல் ஏ, லெவல் பி என்று இரண்டு முறை உண்டு. மிக்சர் பி-யில் அனுப்ப, மாட்யூல் ஏ-யை மட்டும் ஏற்றால் திரை கறுப்பாகவே இருக்கும்; மிக்சரின் அவுட்புட் செட்டிங்கில் மாற்றினால் வந்துவிடும்.

கேபிள் சரி, படம் இல்லை

எச்டிஎம்ஐ வழியில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் முதலில் பேசிக்கொள்ளும். தனக்கு எந்த ரெசொல்யூஷன் தெரியும் என்பதைப் புரொஜெக்டர் எடிட் (EDID) என்ற சின்னத் தரவாக அனுப்பும். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அது யாருடைய எடிட்டைக் காட்டுவது என்று குழம்பும். மேடை டிவி 1920-க்கு 1080, புரொஜெக்டர் 1920-க்கு 1200 என்ற கலவையில் ஒன்றில் படம் வந்து மற்றொன்று கறுப்பாவது இதனால்தான். டிரான்ஸ்மிட்டரிலோ மாட்யூல் மெனுவிலோ எடிட்டை 1080பி 60 என்று நிலையாக வைத்துவிட்டால் விழா நாளில் யார் லேப்டாப்பைக் கொண்டுவந்தாலும் ஓடும். 1200 வரி முழுவதும் வேண்டும் என்ற ஆசையைப் பேச்சரங்க மேடையில் விட்டுவிடலாம்.

டெஸ்க்டாப் தெரிகிறது, ஆனால் ஓடிடி படத்தைப் போட்டதும் கறுப்பாகிறது என்றால் அது எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. வழியில் உள்ள எல்லாப் பெட்டிகளும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். 4கே படத்துக்கு 2.2 பதிப்பு. காப்புள்ள படத்தை எஸ்டிஐ மாட்யூல் வழியாகக் கொண்டுபோக முறையான வழி இல்லை.

கட்டளை வழி: முதலில் லேன்

இன்றைய புரொஜெக்டர்கள் பெரும்பாலானவற்றுக்கு பிஜேலிங்க் தெரியும். ஜப்பானின் ஜேபிஎம்ஐஏ சங்கம் வகுத்த பொது மொழி இது. கம்பெனி எதுவானாலும் கட்டளை ஒன்றே. டிசிபி போர்ட் 4352. இதுபோக ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தப் போர்ட் உண்டு: எப்சனுக்கு 3629, பானசோனிக்குக்கு 1024, கிறிஸ்டியின் எம் சீரிஸுக்கு 3002. ஆன், ஆஃப், இன்புட் மாற்றம், ஷட்டர் ஆகியவை மட்டும் போதுமென்றால் பிஜேலிங்க்கே நல்லது. நாளைக்குப் புரொஜெக்டர் மாறினாலும் கன்ட்ரோல் புரோகிராமை மாற்ற வேண்டாம்.

புரொஜெக்டருக்கு டிஎச்சிபி (தானாகக் கிடைத்து மாறக்கூடிய ஐபி) வேண்டாம், நிலையான ஐபி கொடுங்கள். உதாரணமாகப் புரொஜெக்டருக்கு 192.168.10.50, கன்ட்ரோல் லேப்டாப்புக்கு 192.168.10.20, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. மண்டபத்து வைஃபையிலிருந்து தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். விருந்தினர் முந்நூறு பேர் இறங்கும் வைஃபையில் புரொஜெக்டரையும் சேர்த்தால் கட்டளை தாமதமாகும். பாஸ்வேர்டு இல்லாத புரொஜெக்டரை யார் வேண்டுமானாலும் அணைக்கவும் முடியும்.

முதலில் லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டரின் ஐபிக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் ஏதாவது ஒரு டெர்மினல் புரோகிராமில் 4352-க்கு டிசிபி இணைப்புப் போடுங்கள். இணைந்ததும் புரொஜெக்டரே முதலில் பேசும்: பிஜேலிங்க் என்ற சொல்லும் அதன்பின் 0 அல்லது 1 என்ற எண்ணும். 0 என்றால் பாஸ்வேர்டு இல்லை. 1 என்றால் கூடவே எட்டு எழுத்தில் ஒரு தற்செயல் எண் வரும். அதன் பின்னால் பாஸ்வேர்டை ஒட்டி எம்டி5 என்ற குறியீட்டைக் கணக்கிட்டு, வரும் 32 எழுத்தையும் கட்டளைக்கு முன்னால் சேர்த்து அனுப்ப வேண்டும். கையால் சோதிக்கும்போது பாஸ்வேர்டைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கட்டளையின் அமைப்பு எளிது: சதவீதக் குறி, 1, நான்கு ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, மதிப்பு, கடைசியில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற வரி முடிவுக் குறி. பவருக்கு பி-ஓ-டபிள்யூ-ஆர், மதிப்பு 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப், கேள்விக்குறி என்றால் நிலவரம் கேட்பது. நிலவரத்தின் பதில் 0 என்றால் ஸ்டாண்ட்பை, 1 ஓடுகிறது, 2 குளிர்கிறது, 3 சூடேறுகிறது. இன்புட் மாற்ற ஐ-என்-பி-டி, அதன்பின் இரண்டு இலக்கம்: முதல் இலக்கம் வகை, இரண்டாவது எண். வகை 1 ஆர்ஜிபி, 2 வீடியோ, 3 டிஜிட்டல், 4 ஸ்டோரேஜ், 5 நெட்வொர்க். புதிதாகப் போட்ட மாட்யூல் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். ஐ-என்-எஸ்-டி என்று எழுதிக் கேள்விக்குறி போட்டால் உள்ள இன்புட்களையெல்லாம் வரிசையாகச் சொல்லும். மாட்யூல் போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை கேட்டுக் குறித்துவையுங்கள். புதிதாகச் சேர்ந்த எண் உங்கள் மாட்யூல்.

பிழைப் பதில்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஈஆர்ஆர்1 என்றால் அப்படியொரு கட்டளையே இல்லை, எழுத்துப் பிழை. 2 என்றால் மதிப்பு தவறு, பெரும்பாலும் இல்லாத இன்புட் எண். 3 என்றால் இப்போது செய்ய முடியாது: சூடேறும்போதும் குளிரும்போதும் இதுதான் வரும். 4 என்றால் புரொஜெக்டரிலேயே கோளாறு. கன்ட்ரோல் புரோகிராம் எழுதுகிறவர்கள் 3-ஐப் பிழையாக எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி ஆன் கட்டளையை அனுப்புகிறார்கள், அது தவறு. நிலவரத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டு, 1 வந்த பிறகே இன்புட் கட்டளையை அனுப்ப வேண்டும். எதுவும் பேசாமல் 30 விநாடி இருந்தால் புரொஜெக்டரே இணைப்பைத் துண்டிக்கும் என்பதையும் புரோகிராம் எதிர்பார்க்க வேண்டும்.

லேன் வழியில் மிக அதிகமாக வரும் புகார் ஒன்று: "ஆஃப் ஆகிறது, ஆன் ஆக மாட்டேன் என்கிறது." காரணம் அநேகமாக எப்போதும் ஸ்டாண்ட்பை மோடுதான். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் எக்கோ ஸ்டாண்ட்பையில் நெட்வொர்க் சர்க்யூட்டும் தூங்கிவிடும். எழுப்பச் சொல்லும் கட்டளையைக் கேட்க அங்கே யாரும் விழித்திருப்பதில்லை. பானசோனிக்கில் ஸ்டாண்ட்பை மோடை நார்மல் என்றும், எப்சனில் கம்யூனிகேஷன் ஆன் என்றும் மாற்றுங்கள்.

ஆர்எஸ்-232: பழையது, ஆனால் உறுதியானது

நெட்வொர்க் ஆளே இல்லாத மண்டபத்துக்கு இது நல்ல வழி. டி-சப் 9 கனெக்டரில் மூன்று கம்பி போதும்: 2, 3, 5. ஐந்தாவது கிரவுண்ட். இரண்டும் மூன்றும் அனுப்புவதும் பெறுவதும். எது எது என்பதில்தான் வம்பு. சில புரொஜெக்டருக்கு நேர் கேபிள், சிலவற்றுக்கு கிராஸ் கேபிள் வேண்டும். மேனுவல் கையில் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். புரொஜெக்டரின் போர்ட்டில் 5-க்கும் 2-க்கும், பிறகு 5-க்கும் 3-க்கும் டிசி வோல்ட் அளங்கள். எந்த முள் மைனஸ் ஐந்திலிருந்து மைனஸ் பன்னிரண்டு வோல்ட் வரை காட்டுகிறதோ, அது புரொஜெக்டர் அனுப்பும் முள். இதேபோல் லேப்டாப்பிலிருந்து வரும் கேபிளின் முனையிலும் அளங்கள். இரண்டிலும் மைனஸ் ஒரே எண்ணில் வந்தால் கிராஸ் கேபிள் தேவை. வேறு வேறு எண்ணில் வந்தால் நேர் கேபிள் சரி.

எப்சனும் பானசோனிக்கும் வழக்கமாக 9600 பாட் (தரவு போகும் வேகம்). கிறிஸ்டி எம் சீரிஸ் 115200. மூன்றுக்கும் எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். எப்சனுக்குக் கட்டளை முடிவில் கேரேஜ் ரிட்டர்ன். வேலை முடிந்ததும் முக்காற்புள்ளி ஒன்றைத் திருப்பி அனுப்பும். பானசோனிக்குக்குக் கட்டளைக்கு முன்னால் ஹெக்ஸ் 02, பின்னால் ஹெக்ஸ் 03 வேண்டும். சும்மா டைப் செய்து என்டர் அடித்தால் அது காதிலேயே போட்டுக்கொள்ளாது. கிறிஸ்டிக்குக் கட்டளை முழுவதும் அடைப்புக்குறிக்குள்.

பதிலே வராவிட்டால் கேபிளின் புரொஜெக்டர் முனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டு லேப்டாப்பில் டைப் செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பத் திரையில் வந்தால் லேப்டாப், அடாப்டர், கேபிள் மூன்றும் சரி. பாட் ரேட்டையோ கிராஸ் இணைப்பையோ பாருங்கள். வராவிட்டால் யுஎஸ்பி அடாப்டரையே முதலில் சந்தேகப்படுங்கள். மலிவு அடாப்டர்களில் போலி சிப் அதிகம். புதிய விண்டோஸ் டிரைவர் அவற்றை ஏற்காமல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போடும். எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்எஸ்-232 கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். 115200 பாட் என்றால் அதற்கும் குறைவு. அதற்குமேல் தூரமென்றால் ஆர்எஸ்-422 போர்ட் உள்ள மாடலில் அதைப் பயன்படுத்தலாம். 1200 மீட்டர் வரை போகும் முறை அது. ஆனால் 232 கேபிளை 422 போர்ட்டில் செருகிவிடாதீர்கள். மின்னழுத்தம் வேறு, போர்ட் எரிந்துபோகக்கூடும். எச்டி-பேஸ்-டி கேபிள் ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் வழியாகவே ஆர்எஸ்-232 அனுப்புவதுதான் சுலபம். அப்போது மெனுவில் சீரியல் போர்ட்டை எச்டி-பேஸ்-டிக்கு மாற்ற வேண்டும். பல மாடல்களில் பின்பக்க டி-சப், எச்டி-பேஸ்-டி இரண்டில் ஒன்றுதான் கேட்கும். டிரான்ஸ்மிட்டரின் பாட் ரேட்டும் புரொஜெக்டருடையதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒயர்டு ரிமோட்டுக்கு 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக் வேண்டும், மோனோ வேலை செய்யாது. சில மாடல்களில் இந்தப் பிளக் செருகியிருக்கும்வரை ரிமோட்டின் இன்ஃப்ராரெட் வேலை செய்யாது. கான்டாக்ட் கன்ட்ரோல் என்பது வெறும் சுவிட்ச் போல இரண்டு முள்ளைச் சேர்ப்பது. அதில் வெளியிலிருந்து எந்த வோல்ட்டேஜும் கொடுக்கக்கூடாது, ரிலேயின் வெறும் காண்டாக்ட் மட்டும். இரண்டு புரொஜெக்டர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஐடி எண் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரிமோட்டில் இரண்டும் அணையும்.

எர்த்தும் ஜெனரேட்டரும்

மேடை பிளக் பாயின்ட் ஒரு ஃபேஸிலும், சீலிங் பிளக் பாயின்ட் இன்னொரு ஃபேஸிலும், எர்த் வேறு வேறு குழியிலும் இருக்கும் மண்டபங்கள் பெங்களூரில் நிறைய. செம்பு எச்டிஎம்ஐ, ஆர்எஸ்-232 இரண்டும் இந்த இரு எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடும். திரையில் மெல்ல மேலேறும் பட்டை, ஸ்பீக்கரில் உறுமல், கடைசியில் எரிந்த போர்ட் என்று அது போகும். மண்டபத்து எலக்ட்ரீஷியனை வைத்து, இரண்டு பாயின்ட்டின் எர்த்துக்கும் இடையே ஏசி வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். ஒரு வோல்ட்டுக்குள் என்றால் பயமில்லை. பல வோல்ட் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் எந்தக் கேபிளையும் செருகாதீர்கள். எர்த் முள்ளை வெட்டி உறுமலை நிறுத்தும் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது ஆளைக் கொல்லும். ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்கள் பலவற்றிலும் எடிட்டுக்கென்று சில செம்புக் கம்பிகள் ஓடுகின்றன. அவை முழுத் தனிமை தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெஸ்காம் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிக்கு, லாம்ப் புரொஜெக்டரை ஆன்லைன் யுபிஎஸ்ஸில் வைப்பது அவசியம். கூலிங் ஃபேன் திடீரென்று நின்றால் லாம்ப்பின் ஆயுள் குறையும். அதே யுபிஎஸ்ஸில் எச்டி-பேஸ்-டி டிரான்ஸ்மிட்டரையும் நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் மாட்டுங்கள். புரொஜெக்டர் நிற்காமல் ஓடினாலும் ஸ்விட்ச் அணைந்து எழுந்தால் கன்ட்ரோல் இணைப்பு அறும்; டிரான்ஸ்மிட்டர் அணைந்து எழுந்தால் படம் திரும்ப வரச் சில விநாடி ஆகும்.

காலையில் ஓடியது மாலையில் ஓடவில்லை என்ற புகாருக்கு இந்த வரிசையில் பாருங்கள். ஜெனரேட்டரில் இருக்கிறீர்களா? டிஎச்சிபியில் விட்டிருந்தால் ஐபி மாறியதா? சீலிங்குக்குள் சூடேறி ரிசீவர் தடுமாறுகிறதா? ரிமோட் மட்டும் கேட்கவில்லையென்றால், மாலையில் போட்ட மேடை எல்இடி விளக்கின் ஒளி நேராகப் புரொஜெக்டரின் சென்சார்மேல் விழுகிறதா? கடைசிக் காரணத்துக்கு மருந்து எளிது: மெனுவில் முன்பக்கச் சென்சாரை அணைத்து, பின்பக்கச் சென்சாரை மட்டும் விட்டுவிடுங்கள்.